யாழ்ப்பாணத்தில் .22 ரவை: எங்கே கிடைக்கும், எதை நம்பலாம்?

நல்லூரைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்விகளின் சாரம் இது. ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய பெரியம்மாவின் மகன் அங்கே ஒரு கழகத்தில் .22 றைபிள், அதாவது 0.22 அங்குல அளவுக் குழல் கொண்ட சிறிய துப்பாக்கி, சுடுகிறார். அதைப் பார்த்து இவருக்கும் ஆசை வந்திருக்கிறது. அதற்குப் போடும் ரவை, அதாவது தோட்டா, இங்கே வாங்கக் கிடைக்குமா? அண்ணன் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஒரு பெட்டி கொண்டுவரலாமா? பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் ரவைகளில் ஒன்று மலிவாகவும் இன்னொன்று பல மடங்கு விலையாகவும் இருப்பது ஏன்?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஆபத்து அதில்தான் இருக்கிறது. கொண்டுவரக் கூடாது, தம்பி. ஒரு பெட்டி என்ன, ஒரு ரவைகூடக் கூடாது. சரக்கறைக்குப் போகும் பொதியில் விளையாட்டு ரவையை ஆளுக்கு 5 கிலோ வரை ஏற்ற விமானப் பயண விதிகள் இடம் கொடுக்கின்றன என்று அண்ணன் சொல்லக்கூடும். அது உண்மைதான். ஆனால் அது விமான நிறுவனத்தின் சம்மதத்தோடு ஏற்றுவதற்கான விதி. இறங்கும் நாட்டின் அனுமதி வேறு. பாதுகாப்பு அமைச்சின் முன் அனுமதி இல்லாமல் கட்டுநாயக்கவிலோ பலாலியிலோ ரவையோடு நிற்பவருக்குத் திருவிழாவும் இல்லை, திரும்பிப் போகும் டிக்கெட்டும் இல்லை, பொலிஸும் நீதிமன்றமும்தான். தெரியாமல் வருவதும் உண்டு. சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையையே பயணப் பையாகத் தூக்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். .22 ரவை இரண்டரை சென்ரிமீற்றர் நீளம். பையின் தையல் மடிப்புக்குள் ஒன்று விழுந்து கிடந்தால் கை வைத்துத் தேடினாலும் அகப்படாது, ஊடுகதிர் இயந்திரத்துக்குத் தப்பாது. அண்ணனிடம் வேறு பையில் உடுப்பு அடுக்கச் சொல்லுங்கள். சுடப் போகும்போது போடும் ஜக்கெற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வரட்டும்.

இனி முதலாவது கேள்வி. காசு கொடுத்து ஒரு கடையில் வாங்கும் பொருளாக .22 ரவை இலங்கையில் இல்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அந்த உரிமத்தின் வழியாகத்தான் ரவையும் வரும். நம் பக்கத்தில் பொதுமக்களின் கையில் முன்பு இருந்தது பெரும்பாலும் பயிரைக் காக்கும், '12 போர்' என்ற குழல் அளவுள்ள வேட்டைத் துப்பாக்கி. அது வேறு இனம், அதன் தோட்டாவும் வேறு. போர்க்காலம் அந்தப் பழக்கத்தையும் வடக்கிலிருந்து துடைத்துவிட்டது. ஆகவே அப்பாவின் தலைமுறையில் இருந்து மகனுக்கு வரும் அறிவு இந்த விளையாட்டில் நமக்கு இல்லை. யாரையாவது கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

விளையாட்டுக்கென்று .22 சுட விரும்புகிறவருக்கு நேரான வழி ஒன்றுதான்: குறிபார்த்துச் சுடுதலுக்கான தேசியச் சம்மேளனத்தோடு இணைந்த ஒரு கழகத்தில் உறுப்பினராவது. இந்த விளையாட்டில் முன்னுக்கு நிற்பவர்களில் பெரும்பாலோர் முப்படையினரும் பொலிஸாரும். போட்டிகளும் நல்ல சுடுதளங்களும் கொழும்புப் பக்கத்தில், வெலிசறை போன்ற இடங்களில் இருக்கின்றன. ரவை கழகத்தின் பொறுப்பில், அதன் ஆயுதக் களஞ்சியத்தில் இருக்கும். சுடும் நாளில் எண்ணிக் கொடுப்பார்கள், சுட்டு முடிந்ததும் மீதியை எண்ணி வாங்குவார்கள். வீட்டு அலுமாரியில் வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு வருகிறவருக்கு இந்த விளையாட்டு பொருந்தாது. யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ் ஏறிப் போய்த்தான் சுடவேண்டும் என்பது பாரமான விடயம், எனக்குத் தெரியும். ஆனால் சட்டத்துக்குள் நின்று சுடும் ஒருவருக்கு மட்டுமே இந்த விளையாட்டில் எதிர்காலம் இருக்கிறது.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய ஒன்று. முகமாலையிலும் வேறு இடங்களிலும் கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பல வருடங்கள் நடந்திருக்கிறது. பனங்காணிக்குள், பழைய கிணற்றடியில், வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது இன்னமும் ரவைகளும் அதைவிடப் பெரியவையும் வெளியே வருகின்றன. அவை எதுவும் நாம் பேசும் .22 அல்ல. துருப்பிடித்த ரவையைத் தேய்த்துத் துப்புரவாக்கிப் பார்ப்போம் என்று பிள்ளைகள் எடுக்க விடாதீர்கள். தொடாமல் விட்டு, இடத்தை அடையாளம் வைத்து, பொலிஸுக்கு அறிவியுங்கள்.

கிடைப்பது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே வரும் .22 எல்லாம் இறக்குமதி. 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது மருந்துக்கும் எரிபொருளுக்குமே அந்நியச் செலாவணி இல்லாத நாட்டில் விளையாட்டு ரவையைப் பற்றி யாரும் பேசியிருக்க முடியாது. உலகச் சந்தையும் நம் கையில் இல்லை. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் சண்டி ஹூக் பாடசாலைப் படுகொலைக்குப் பிறகு, புதுச் சட்டம் வரும் என்ற பயத்தில் மக்கள் அள்ளி வாங்கத் தொடங்கினார்கள். பெரிய ரவைகள் சில மாதங்களில் மெல்லத் திரும்பி வந்தன, மலிவான .22 வருடக்கணக்கில் அலுமாரித் தட்டுக்கு வரவில்லை. 2020இல் பெருந்தொற்றோடு அதே கதை மறுபடியும் நடந்தது.

அது ஏன் .22க்கு மட்டும் அவ்வளவு கடுமையாக நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் தரம் பற்றிய உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். மற்ற ரவைகளில் கோதின், அதாவது வெளிக்கூட்டின், அடி நடுவில் தனியாக ஒரு சிறு தீமூட்டி பதிந்திருக்கும். சுட்ட பிறகு அதைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் பதித்து, வெடிமருந்து நிரப்பி, கோதைத் திரும்பப் பயன்படுத்தலாம். .22 விளிம்பில் பற்றும் 'றிம்பயர்' வகை. அதில் தனியான தீமூட்டி கிடையாது. கோதின் அடியில் மடிந்திருக்கும் விளிம்புக்குள்ளேயே தீமூட்டும் கலவை பரவியிருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போதுதான் பற்றுகிறது. நசுங்கிய விளிம்பை நிமிர்த்த முடியாது, ஆகவே ஒரு முறை சுட்டால் கோது பித்தளைக் கழிவு. வீட்டில் செய்துகொள்ள வழியே இல்லாததால் முழு உலகமும் சில ஆலைகளையே பார்த்து நிற்கிறது. அந்த ஆலைகளுக்கும் புது வரிசை ஒன்றை அமைப்பது சுலபமல்ல. கலவை உலர்ந்தால் சிறு உரசலுக்கே வெடிக்கும். அதனால் ஈரமாக இருக்கும்போதே அளந்து கோதுக்குள் இட்டு, விளிம்புக்குள் சுழன்று போகச் செய்து, பிறகு உலர்த்துகிறார்கள். மிகுந்த கவனம் கேட்கும் வேலை அது. விற்கும் பொருளோ மலிவு.

இந்த அமைப்பு புதிதல்ல. பிரான்ஸில் புளோபேர் 1845இல் செய்த சிறு ரவையில் தொடங்கி, 1857இல் சிமித் அன்ட் வெசன் கைத்துப்பாக்கிக்கு வந்த .22 ஷோர்ட் வழியாக, 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கொம்பனி கொண்டுவந்த .22 லோங் றைபிள் வரை ஒரே தத்துவம். இன்று உலகம் முழுவதும் .22 என்று சொன்னால் அந்தக் கடைசி ரவையைத்தான் சொல்கிறார்கள். 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் எடையுள்ள ஈயச் சன்னம், இலக்கை நோக்கிப் பறந்து போகும் பகுதி அதுதான். அதன் மேல் மெல்லிய மெழுகு அல்லது கொழுப்புப் பூச்சு.

இப்போது தரத்துக்கு வருவோம். நல்ல .22 என்றால் வேகமான .22 என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. ஒரு ரவையைப் போலவே அடுத்த ரவையும் இருப்பதுதான் தரம். விளிம்பு முழுவதும் கலவை ஒரே கனத்தில் பரவியிருந்தால் ஊசி எந்த இடத்தில் அடித்தாலும் ஒரே மாதிரிப் பற்றும். ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருந்தால் ஒரு ரவை முழுவேகத்தோடும் அடுத்தது தளர்ந்தும் போகும். கலவை எட்டாத இடத்தில் ஊசி விழுந்தால் வெறும் 'டிக்' மட்டும் கேட்கும். அதே ரவையைச் சிறிது திருப்பிப் போட்டால் சுடுகிறதே என்று சிலர் வியப்பார்கள். காரணம் இதுதான்.

இந்த வேக வித்தியாசம் இலக்கில் என்ன செய்யும் என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். ஒரு ரவை நொடிக்கு 320 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது, அதே பெட்டியில் இருந்து எடுத்த அடுத்தது 335 மீற்றரில் புறப்படுகிறது என்று வையுங்கள். மலிவான ரவையில் இது அதிசயமில்லை. 50 மீற்றர் போவதற்குள் மெதுவாகப் போனது மற்றதைவிடக் கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் அதிகமாகத் தாழ்ந்துவிடும். ஒலிம்பிக் 50 மீற்றர் றைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர். ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடைவெளி 8 மில்லிமீற்றர். நீங்கள் கை அசையாமல், மூச்சைச் சரியாகப் பிடித்து, விசையைப் பூப்போல அழுத்தியிருந்தாலும் ரவை உங்களை ஒரு வட்டம் வெளியே தள்ளிவிடும். அது புரியாத புதியவர் தன்னுடைய பிழை என்று நினைத்து, சரியாகச் செய்ததை மாற்றத் தொடங்குவார். கெட்ட ரவையால் வரும் பெரிய நட்டம் புள்ளி அல்ல, இதுதான்.

ஒலியின் வேகத்தையும் இங்கே கவனிக்கவேண்டும். 'ஹை வெலொசிற்றி' என்று பெட்டியில் எழுதியிருக்கும் ரவை ஒலியைவிட வேகமாகப் புறப்பட்டு, போகும் வழியில் அந்த வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்தக் கடவையில் சன்னம் தடுமாறும். 'ஸ்டான்டர்ட் வெலொசிற்றி' ரவை நொடிக்கு 325, 330 மீற்றர் அளவில் புறப்படுவதால் ஆரம்பத்தில் இருந்தே அந்தக் கடவைக்குக் கீழேயே போகிறது. இலக்குப் போட்டியில் சுடுகிறவர்கள் எல்லோரும் அதையே எடுப்பது இதனால்தான். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது: பூச்சிய பாகையில் நொடிக்கு 331 மீற்றர், நம் 32 பாகை வெயிலில் ஏறத்தாழ 350. கனடாவின் பனிக்காலத்தில் கடவையின் விளிம்பில் நிற்கும் அதே ரவை இங்கே நிம்மதியாகக் கீழேயே போகும். ஆகவே அண்ணன் எதை விரும்பிச் சுடுகிறார் என்பது உங்களுக்கு வழிகாட்டி ஆகாது.

விலைக்கு வருகிறேன். ஆயிரக்கணக்கில் கொட்டி விற்கும் மலிவான ரவைகள் ஒரு பக்கம். நடுவில் சிசிஐ ஸ்டான்டர்ட் வெலொசிற்றி, எஸ்கே ஸ்டான்டர்ட் பிளஸ் போன்றவை. உச்சியில் ஈலி டெனெக்ஸ், லப்புவா எக்ஸ்-அக்ற், ஆர்டபிள்யூஎஸ் ஆர்50. நடுத்தரத்துக்கும் உச்சிக்கும் விலை பல மடங்கு வேறுபடும். ஆனால் உள்ளே போடுகிற ஈயமும் மருந்தும் பல மடங்கு உயர்ந்தவை என்று நினைக்கவேண்டாம். பெரிய ஆலைகளில் ஒரே தடவையில் செய்து முடித்த தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, மிக நெருக்கமாக விழுந்த தொகுதியை உச்சப் பெயரில் விற்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் மேலதிக விலை பெரும்பாலும் அந்தச் சோதனைக்கும் தெரிவுக்கும்தான். ஆகவே நடுத்தரப் பெட்டி ஒன்று உங்கள் துப்பாக்கியில் உச்சப் பெட்டியோடு போட்டி போடுவதும் நடக்கும். உச்சப் பெட்டி உங்கள் சுடுகுழலுக்கு ஒத்துவராமல் போவதும் நடக்கும்.

என் கருத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து சுடுகிறவர் பெயருக்குப் பின்னால் போகக் கூடாது, தொகுதி இலக்கத்தைப் பார்க்கவேண்டும். 50 ரவை கொண்ட பெட்டியின் மடிப்பில் அந்த இலக்கம் அச்சிட்டிருக்கும். பத்துப் பெட்டி சேர்ந்த 500 ரவைக் கட்டு முழுவதும் ஒரே தொகுதியாக இருப்பது, பல பெயரில் பத்து நல்ல பெட்டி வைத்திருப்பதைவிட எவ்வளவோ மேல். கழகம் கொள்வனவு செய்யும் நேரத்தில் பேசக்கூடிய இடத்தில் இருந்தால் இதை மட்டும் வலியுறுத்துங்கள்: நடுத்தரத்தில், ஸ்டான்டர்ட் வெலொசிற்றியில், ஒரே தொகுதியாக இயன்ற அளவு. ரவை தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் ஒருவர் இன்று இதையும் நாளை அதையும் சுட்டுப் பார்க்கலாம். அடுத்த கொள்வனவு எப்போது என்று தெரியாத இடத்தில், பெட்டி மாறும்போதெல்லாம் குறிகாட்டியைத் திருகிச் சரிசெய்யவே பாதி ரவை போய்விடும்.

சோதிக்கும்போது அவசரம் வேண்டாம். மூன்று ரவை ஒரே துளையில் விழுந்தால் அது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். துப்பாக்கியை மணல் மூட்டையில் தாங்கி வைத்து, காற்றடங்கிய காலையில், பத்துப் பத்தாகச் சில தாள்கள் சுட்டால்தான் ரவையின் குணம் தெரியும். ஒரு வகையில் இருந்து இன்னொரு வகைக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்து ரவையைக் கணக்கில் எடுக்காதீர்கள். முன்னைய ரவையின் மெழுகு குழலுக்குள் படிந்திருக்கும். புதிய மெழுகு படிந்து முடியும்வரை சன்னங்கள் அலையும். விளிம்பின் தடிப்பை அளந்து, எடை போட்டு ரவையைத் தரம் பிரிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. கலவை எப்படிப் பரவியிருக்கிறது என்பதை அந்த அளவுகோல் காட்டாது. அந்த நேரத்தைப் பயிற்சிக்குக் கொடுங்கள்.

காற்றைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் எதையும் சொல்ல முடியாது. சோளகம் பிடித்து வீசும் மாதங்களில் மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால், 50 மீற்றரில் .22 சன்னம் இரண்டரை முதல் மூன்று சென்ரிமீற்றர் விலகும். பத்து வட்டத்தின் விட்டத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். வேகமான ரவை காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் என்று வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ஒலியின் வேகத்துக்கு மேலே புறப்படும் சன்னம் வழியில் வேகத்தை அதிகமாக இழக்கிறது; அப்படி இழப்பதற்கு ஏற்பத்தான் காற்று அதைத் தள்ளுகிறது. ஹை வெலொசிற்றி ரவை மற்றதைவிட அதிகமாக விலகுவது கணக்கிலும் தெரியும், தாளிலும் தெரியும்.

வெயிலும் கவனிக்கவேண்டியது. தகரக் கூரைக்குக் கீழே, மூடிய வாகனத்துக்குள் பெட்டியை வைத்தால் சன்னத்தின் மேலுள்ள பூச்சு இளகும். திறந்து பார்த்தால் தெரியும்: ஒரு பக்கம் கொழுகொழுவென்று திரண்டு, மறுபக்கம் ஈயம் வெறுமையாகப் பளபளக்கும், பெட்டியின் தட்டில் எண்ணெய்க் கறை இருக்கும். அந்த ரவை வெடிக்கும், ஆனால் நேராகப் போகாது. வெறும் கையால் எடுத்து மணலில் வைத்தாலும் பூச்சில் மணல் ஒட்டிக் குழலுக்குள் போகும். கழகக் களஞ்சியத்தில் ரவை காற்றுப் புகாத உலோகப் பெட்டியில், நிலத்தில் படாமல், சுவரின் ஈரம் ஏறாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். மாரி மழைக் காலத்தில் இது இன்னும் முக்கியம்.

ரவை அரிதாக இருக்கிற இடத்தில் பயிற்சியின் பெரும்பங்கு ரவை இல்லாமலே நடக்கவேண்டும். நிலையைப் பிடிப்பது, மூச்சு, விசை அழுத்தம் எல்லாம் வெறும் துப்பாக்கியில் பழகலாம். ஆனால் பல .22 துப்பாக்கிகளில் ரவை போடும் அறை வெறுமையாக இருக்கும்போது விசையை அழுத்தினால் ஊசி அறையின் உலோக விளிம்பில் அடித்து அதைச் சிதைத்துவிடும். வெடிக்காத பயிற்சி ரவை இல்லாவிட்டால், சுட்ட வெற்றுக் கோது ஒன்றைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பழகுங்கள். பொறுப்பாளரைக் கேட்காமல் அதையும் செய்யவேண்டாம்.

அதைவிட நல்லது 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கியில் தொடங்குவது. 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு. மருந்து இல்லை, தீமூட்டி இல்லை. றைபிள் இலக்கின் பத்துப் புள்ளி அரை மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு பொட்டு மட்டுமே. தெஹானி எகொடவெல டோக்கியோ 2020 ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பங்குபற்றியது அந்தப் போட்டியில்தான். அதில் ஒழுங்காகச் சுடப் பழகியவர் .22ஐ எடுக்கும்போது ஒவ்வொரு ரவைக்கும் பயன் இருக்கும். விளையாட்டுச் சாமான்தானே என்று காற்றுத் துப்பாக்கியையும் வெளிநாட்டில் இருந்து கொண்டுவர நினைக்காதீர்கள். அதற்கும் முன் அனுமதி வேண்டும்.

சுடுதளத்துக்கு முதல் நாள் போகும்போது தெரிந்திருக்கவேண்டிய இரண்டு விடயங்கள். விசையை அழுத்தி 'டிக்' மட்டும் கேட்டால் உடனே திறக்காதீர்கள். குழல் இலக்கை நோக்கியே இருக்க, முப்பது நொடி பொறுத்து, பொறுப்பாளரைக் கூப்பிட்டுத் திறவுங்கள். தாமதித்து வெடிக்கும் ரவையும் உண்டு. வழமையைவிட மெலிந்த சத்தம் வந்தால் அடுத்த ரவையைப் போடவே கூடாது. சன்னம் குழலுக்குள் நின்றிருக்கலாம், முதலில் குழலைப் பார்க்கவேண்டும். மற்றது ஈயம். சன்னமும் ஈயம், தீமூட்டிக் கலவையிலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்டு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிர்ந்த நீரில் கையும் முகமும் கழுவாமல் தேநீரையோ வடையையோ தொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த உடுப்பைத் தனியாகத் தோய்க்கக் கொடுங்கள், அந்த உடுப்போடு சின்னப் பிள்ளைகளைத் தூக்கவேண்டாம்.